ராஜாவின் நகர்வை முழுமையாகக் கற்றுத்தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் செஸ் பயிலும் பிள்ளைகளை வார இறுதிப் போட்டிகளுக்கு அழைத்துச் செல்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ராஜா எந்தத் திசையிலும் ஒரு கட்டம் நகரும், தாக்குதலில் உள்ள கட்டத்துக்குப் போகாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லி முடித்துவிட்டு, பிள்ளைகளை ஆட்டத் தொடக்கங்களை மனப்பாடம் செய்ய அனுப்பிவிடுகிறார்கள். அது போதாது.

கோட்டை கட்டும்போது, அதாவது ராஜாவை ஒரு யானையின் பக்கம் இரண்டு கட்டம் நகர்த்தி, அந்த யானையை ராஜாவின் மறுபக்கத்தில் வைக்கும்போது, ராஜாவும் அந்த யானையும் அதற்கு முன் நகர்ந்திருக்கக் கூடாது, ராஜா செக்கில் (எதிரியின் தாக்குதலில்) இருக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகள் ஒப்பித்துவிடுகிறார்கள். யானை தாக்கப்பட்டிருந்தால் கட்டலாமா என்று கேட்டால் விழிக்கிறார்கள், தாராளமாகக் கட்டலாம். போட்டியில் ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும், இரண்டு காய்களையும் ஒரே கையால் நகர்த்த வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அண்மையில் ஒரு சிறுமி யானையை முதலில் தொட்டுவிட, எதிரே இருந்த பையன் நடுவரை அழைத்தான். தொட்ட காயையே நகர்த்த வேண்டியதாகி, ராஜா நடுப்பலகையில் சிக்கி அவள் தோற்றாள். அது அவள் குற்றமன்று, சொல்லிக்கொடுக்காதவர்களின் குற்றம்.

இதைவிடப் பெரிய குறை, ராஜாவை ஒளித்துவைக்க வேண்டிய காயாக மட்டுமே பிள்ளைகள் அறிந்திருப்பது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டத்தை முடிவுசெய்த 14-ஆம் ஆட்டத்தில், வெள்ளைக் காய்களுடன் ஆடிய அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரென் 55-ஆவது நகர்வில் தவறியதும், நம் சென்னைப் பிள்ளை குகேஷ் யானைகளையும் பிஷப்புகளையும் வெட்டுக் கொடுத்து வாங்கி, பலகையில் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சும்படி செய்தார். 58-ஆவது நகர்வில் அவருடைய ராஜா, வெள்ளை ராஜாவுக்கு நேரெதிரே ஒரே ஒரு கட்டம் இடைவிட்டு வந்து நின்றது; டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். இரண்டு ராஜாக்கள் அடுத்தடுத்த கட்டங்களில் நிற்க முடியாது என்பதால், அப்படி எதிரெதிரே நிற்கும்போது நகர வேண்டிய முறை யாருடையதோ அவரே வழிவிட வேண்டியிருக்கிறது. உலகப் பட்டத்தையே முடித்துவைத்த இந்த நுணுக்கம் தொடக்க வகுப்புகளில் இடம்பெறாதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆகவே, தங்கள் சிறுவர் பகுதியில் இரண்டு ராஜாக்களும் ஒரு சிப்பாயும் மட்டுமுள்ள நிலைகளைப் படத்துடன் வாரம் ஒன்றாக வெளியிட வேண்டுகிறேன். ஓரச் சிப்பாய் அல்லாத தன் சிப்பாய்க்கு முன்னால் வெள்ளை ராஜா ஆறாம் வரிசையை எட்டிவிட்டால் நகரும் முறை யாருடையதாயினும் வெள்ளைக்கே வெற்றி என்பதை முதல் படமாக வைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை.