பெட்ரோல் விலையும் நம் வலது காலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் இரண்டு புகார்கள் மாறி மாறி வருகின்றன. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி இறங்கவே மாட்டேன் என்கிறது என்பது ஒன்று. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில் 100 கி.மீ. வேக வரம்பு வைத்து, கேமராவால் படம் பிடித்து அபராதம் போடுகிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டு புகாரும் ஒரே பெடலில் போய் முடிகின்றன என்பதை மட்டும் யாரும் எழுதக் காணோம். கார், பைக் பழுதுபார்ப்பதையும் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் தொழிலாகக் கொண்ட நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

"மைலேஜ் வரலைங்க" என்று வண்டியை விட்டுப் போகிறவர் பிளக், ஃபில்டர், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்வார். "எப்படி ஓட்டுறீங்க?" என்று திருப்பிக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். விளம்பரத்தில் போடும் மைலேஜ், வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டும் ஆய்வுக்கூடச் சோதனையில் வருவது. அந்தச் சோதனையில் உச்ச வேகமே 90 கி.மீ.தான். ஏ.சி. கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, சில்க் போர்டு சந்திப்பு நெரிசல் கிடையாது. அந்தக் கணக்கை 120-ல் பறந்துகொண்டே எதிர்பார்த்தால் எந்த மெக்கானிக்காலும் கொடுக்க முடியாது.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்று எதிர்த்துத் தள்ளுவதோ ஒன்றரை மடங்குக்கு மேல். 120-ல் அது இரண்டேகால் மடங்கு. சீராக 80-ல் ஓட்டும்போது லிட்டருக்கு 20 கி.மீ. தரும் சிறிய பெட்ரோல் கார் 100-ல் ஏறத்தாழ 17, 120-ல் ஏறத்தாழ 14 தரும். இதைக் கையில் வைத்துக்கொண்டு மைசூரு சாலையைப் பாருங்கள். தூரம் சுமார் 118 கி.மீ. முழுத் தூரமும் 100-ல் போனால் 71 நிமிடம், 120-ல் போனால் 59 நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர், அதாவது நூற்றைம்பது ரூபாய்க்குக் குறையாமல் எரிகிறது. மாட்டிக்கொண்டால் அபராதம் தனி. காருக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவு சொல்கிறது. மிச்சம் பிடித்த பன்னிரண்டு நிமிடமும் கெங்கேரி தாண்டி ஊருக்குள் நுழைந்ததும் முதல் இரண்டு நெரிசலிலேயே கரைந்துபோகும்.

கேமராவைக் கண்டதும் போடும் பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 120-ல் வந்து, கம்பத்துக்கு முன்னால் மிதித்து 90-க்கு இறக்கி, தாண்டியதும் மறுபடி 120-க்கு ஏற்றுகிறார்கள். ஒரு டன் எடையுள்ள காரை அந்த முப்பது கி.மீ. வேகம் திரும்ப ஏற்றுவதற்கு மட்டும் ஏறக்குறைய 30 மி.லி. பெட்ரோல் வேண்டும். கேமராவுக்குக் கேமரா மூன்று ரூபாய் காணிக்கை!

இதில் எரிபொருள் சின்ன விஷயம். 80-ல் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்து, கால் நகர்ந்து, பிரேக் பிடித்து, முழுதாக நிற்க உலர்ந்த சாலையில் சுமார் 70 மீட்டர் ஆகும். 100-ல் வரும் கார் நிற்க 97 மீட்டர். 27 மீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். முதல் கார் நின்றுவிட்ட அந்த இடத்தைக் கடக்கும்போது இரண்டாவது கார் இன்னும் 70 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். மோதினால் அந்த வேகத்தில்தான் மோதும். 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு எழுபத்தொரு பேரின் சாவுக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையே பதிவு செய்திருக்கிறது.

ஊருக்குள் காற்றுத் தடை பெரிய பிரச்சினை இல்லை. அங்கே பணத்தைத் தின்பது பிரேக். அதே ஒரு டன் காரைப் பூஜ்ஜியத்திலிருந்து 60-க்குக் கொண்டுவர 17 மி.லி. அளவு பெட்ரோல் எரிகிறது. ஒவ்வொரு முறை 60-லிருந்து மிதித்து நிறுத்தும்போதும் அந்த 17 மி.லி.யைப் பிரேக் பேடில் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம். 40-லிருந்து நிறுத்தினால் ஏழெட்டு மி.லி.தான். மாரத்தஹள்ளியிலிருந்து டின் ஃபேக்டரி வரை வெளிவட்டச் சாலையில் இப்படி எத்தனை முறை மிதிக்கிறோம் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். முன்னால் சிக்னல் சிவப்பு என்று இருநூறு மீட்டருக்கு முன்பே தெரிகிறது. அப்போதே காலை எடுத்துவிட்டால் வண்டி தானாக வேகம் குறைந்து வரும். பல நேரம் போய்ச் சேர்வதற்குள் பச்சை விழுந்திருக்கும். நம் ஆட்களோ அந்த இருநூறு மீட்டரையும் ரேஸ் செய்து போய், கடைசியில் சடக்கென்று நிற்பார்கள். காலை எடுத்தவரைப் பின்னால் வருகிறவர் ஹார்ன் அடித்தே கொல்வார், "ஓட்டத் தெரியாதவன்" என்று. அடுத்த சிக்னலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்பார்கள்.

"இடைவெளி விட்டால் பைக்காரன் புகுந்துவிடுகிறான்" என்பார்கள். புகுவான். பெங்களூரில் அதைத் தடுக்க முடியாது. புகுந்த பைக் உங்கள் பெட்ரோலை எடுத்துக்கொண்டு போவதில்லை. கொஞ்சம் காலைத் தளர்த்தினால் இடைவெளி மறுபடி வந்துவிடும். அவனை விடக் கூடாது என்று முன் வண்டியை ஒட்டியே போகிறவர் அது பிரேக் போடும்போதெல்லாம் தானும் போட்டாக வேண்டும். செலவு அங்கேதான்.

ஹம்ப், அதாவது வேகத்தடை விஷயத்தில் குற்றம் ஓட்டுநர் மேல் மட்டும் இல்லை. சாலை அமைப்புக்கு விதி வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதிப்படி ஹம்ப் 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் உடம்பு குலுங்காமல் ஏறி இறங்கலாம். நம் குறுக்குத் தெருக்களில் இருப்பவையோ ஒரு முழ அகலத்தில் கரடாக எழும்பி நிற்பவை. ஆளையும் வண்டியையும் முழுதாக நிறுத்தாமல் விடாது. பல இடங்களில் வெள்ளைக் கோடுகூட இல்லை. இதை மாநகராட்சிதான் திருத்த வேண்டும்.

சிக்கனமாக ஓட்டுவது என்றால் மெதுவாக ஓட்டுவது என்று ஒரு நினைப்பு ஊன்றிப்போயிருக்கிறது. கேலிக்கும் அதுதான் காரணம். இரண்டாவது கியரில் 20-ல் ஊர்ந்து போகும் வண்டி நாலாவது கியரில் 50-ல் சீராகப் போவதைவிட அதிகம் குடிக்கும். பெட்ரோல் கார் என்றால் இன்ஜின் நிமிடத்துக்கு 2000 முதல் 2500 சுற்றுக்குள், டீசல் என்றால் 1500 முதல் 2000-க்குள் கியர் மாற்றி மேலே போய்விட வேண்டும். அதற்காக ஐந்தாவது கியரில் 30-ல் போனால் இன்ஜின் முக்கும், உள்ளே தட்டும் சத்தம் வரும்; அதுவும் கூடாது. சிக்கனக்காரர்களிலும் ஒரு தொல்லைக் கூட்டம் உண்டு: நெடுஞ்சாலையில் வலது ஓரத் தடத்தைப் பிடித்துக்கொண்டு 60-ல் நகராமல் போகிறவர்கள். அவர்களைத் தாண்ட மற்றவர்கள் இடப்பக்கம் நுழைகிறார்கள். நிதானமாகப் போகிறவரின் இடம் இடது தடம்.

இனி நியூட்ரல். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு உருட்டினால் எண்ணெய் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பாடம். அதில் ஓரளவு உண்மை இருந்தது. கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் பீய்ச்சும், இன்று ஓடும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அது தலைகீழ். கியரில் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்தால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை மூடிவிடும். சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். பெட்ரோல் செலவு பூஜ்ஜியம். சுமார் 1200, 1500 சுற்றுக்குக் கீழே இறங்கியதும்தான் மறுபடி திறக்கும். நியூட்ரலில் போட்டாலோ இன்ஜின் அணையாமல் இருக்க ஐடிலுக்கு வேண்டிய பெட்ரோலைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக, நியூட்ரல் போட்டவர் கூடுதலாகத்தான் செலவழிக்கிறார். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்தபின் விற்கும் சாதாரண 100 சி.சி. பைக்குகூடப் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன்தான். பாடத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது.

சாவியைத் திருப்பி இன்ஜினையே அணைத்து உருட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். காரில் பிரேக்குக்குப் பலம் கொடுக்கும் வேக்குவம் பூஸ்டரில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பவர் ஸ்டீயரிங் இறுகும். சாவியை உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். லாரியில் இன்னும் மோசம். இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசர் நிற்கும். பிரேக்கை மிதிக்க மிதிக்கத் தொட்டியில் காற்று தீர்ந்துகொண்டே வரும். நியூட்ரலில், இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேலை செய்யாது. முழு எடையும் பிரேக் லைனிங் மேல் விழுந்து, சூடேறி, பிடிமானம் விட்டுப்போகும். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாயில் அடுத்தடுத்து நடக்கும் விபத்துகள் பலவற்றின் பின்னால் இந்த நியூட்ரல் இருக்கிறது. இங்கிருந்து சேலம், மதுரை போகும் நம் கார்கள் எல்லாம் அந்த லாரிகளுக்கு முன்னால்தான் அந்த இறக்கத்தில் இறங்குகின்றன. ஏறும்போது எந்தக் கியர் வேண்டியிருந்ததோ அதே கியரில் இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இன்றைக்கும் சரி. லிட்டர் கணக்கு காட்டச் சொல்லி, மிச்சத்துக்குப் பரிசும் குறைவுக்குப் பிடித்தமும் வைக்கும் முதலாளிகள் இதைப் படித்தால் நல்லது. ஓட்டுநரின் கை நியூட்ரலுக்குப் போவது அந்தக் கணக்கினால்தான்.

சிக்னலில் அணைப்பது வேறு விஷயம். ஏ.சி. போட்டு நிற்கும் சிறிய கார் மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். இரண்டு நிமிடச் சிக்னலில் முப்பது மி.லி. வரை போகும். மறுபடி கிளப்ப அதிகம் எரியும் என்பதும் பழங்கதை. பத்து விநாடி ஐடிலில் எரிவதைவிட அது குறைவு. முப்பது விநாடிக்கு மேல் நிற்போம் என்று தெரிந்தால் அணைக்கலாம். ஹெப்பால் போல நகர்ந்து நகர்ந்து நிற்கும் வரிசையில் வேண்டாம், பேட்டரி பலவீனமாக இருந்தாலும் வேண்டாம். டெல்லியில் 2020 அக்டோபரில் காற்று மாசுக்காக இதை அரசே ஓர் இயக்கமாக நடத்தியது. இங்கே அணைத்தவரைப் பார்த்து "ரெண்டு ரூபாய்க்கு இவ்வளவு கஞ்சத்தனமா" என்று சிரிப்பவர்தான், மேம்பால ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் அரை கிளச்சில் வண்டியைத் தாங்கிப் பிடித்து, கிளச் பிளேட்டைத் தேய்த்து ஆயிரக்கணக்கில் கொடுப்பார்.

வண்டியில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். ஏர் ஃபில்டர் அழுக்கானால் மைலேஜ் விழும் என்பது இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. வருகிற காற்றை அளந்துதான் பெட்ரோல் போகிறது, பிக்கப்தான் குறையும். ஆயிலில் தவறு நிறைய நடக்கிறது. கையேடு 0டபிள்யூ-20 என்று சொல்லும் இன்ஜினில் 20டபிள்யூ-40 ஊற்றினால் அந்தக் கெட்டி ஆயிலைச் சுழற்றவே பெட்ரோல் போகும். கொஞ்ச தூரம் ஓட்டியபின் நாலு வீலின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பைக்கில் வலது காலைப் பிரேக் பெடல் மேலேயே வைத்து ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. பின்னால் வருகிறவருக்குத்தான் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருப்பது தெரியும்.

டயர் காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்தூணில் ஒட்டியிருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் 30-லிருந்து 33 புள்ளி (பி.எஸ்.ஐ.) வரை. முழுக் குடும்பமும் பெட்டியுமாகப் போவதற்கு அதே ஸ்டிக்கரில் தனி அளவு போட்டிருப்பார்கள். ஓடிச் சூடான டயர் மூன்று நான்கு புள்ளி கூட்டிக் காட்டும். வெள்ளி இரவு ஊருக்குக் கிளம்பி, அத்திப்பள்ளி வரை ஓட்டிய சூட்டோடு பங்கில் நிறுத்தி "சார், காத்து அதிகமா இருக்கு" என்று பையன் இறக்கிவிட்டால், காலையில் ஆறிய டயரில் அந்த மூன்று நான்கு புள்ளி குறைவாகத்தான் இருக்கும். வெள்ளி காலையில், வண்டி ஆறியிருக்கும்போது, வீட்டுக்குப் பக்கத்துப் பங்கிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாகனப் பழுதுபார்ப்போர், ஓட்டுநர் பயிற்சியாளர்கள் சிலர்,
சிவாஜிநகர், பெங்களூரு