பொரித்த எண்ணெயைக் குருவிகளுக்கு வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி முடிந்து இரண்டு நாள்தான் இருக்கும். வடமேற்கு லண்டனில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தபோது, பின் தோட்டத்துப் பலகையில் எண்ணெயில் ஊறிய பாண் துண்டுகள் கிடந்தன. வடையும் முறுக்கும் சுட்டு மிஞ்சிய எண்ணெய். "ஊரில் காகத்துக்கு வைக்காமல் சாப்பிட்டிருக்கிறோமா தம்பி, இந்தக் குளிருக்கு இதுகளுக்கும் கொஞ்சம் கொழுப்பு வேணும்தானே" என்றார் அந்த அக்கா. நல்ல மனசு. ஆனாலும் இது கூடாது அக்கா என்று சொன்னேன், உடனேயே எடுத்துவிட்டார். நம்மவர்களில் பலர் இதே நல்ல மனசோடு இதைச் செய்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

நானும் செய்தவன்தான். ஒரு கிறிஸ்மஸுக்கு ஓவனில் கோழி வாட்டிய தட்டில் உப்பும் தூளுமாக உறைந்து கிடந்த கொழுப்பை வழித்து, ஒரு மூடியில் போட்டுத் தோட்டத்தில் வைத்தேன். தினமும் வரும் ராபின் குருவி அதன் மேலேயே ஏறி நின்று கொத்தியது. அடுத்த நாள் காலை சமையலறை ஜன்னலுக்கு மிக அருகில் வந்து உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன்: நெஞ்சுச் சிவப்பு இறகெல்லாம் திரித்த நூல் மாதிரி கற்றை கற்றையாக ஒட்டி, நடுவில் தோல் தெரிந்தது. அலகால் இழுத்து இழுத்துப் பார்க்கிறது, பிரியவில்லை. இறகுகளுக்கு நடுவில் நிற்கும் காற்றுதான் பறவைக்குக் கம்பளி, எண்ணெய் ஒட்டினால் அந்தக் காற்றும் போய்விடும், மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கிவிடும். இரண்டு நாள் வந்தது. அப்புறம் அதைக் காணவில்லை. இன்றைக்கும் அது என் மனதை விட்டுப் போகவில்லை.

கொழுப்பே கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. புளூ டிட் என்கிற அந்த நீலத்தலைக் குருவி 11 கிராம் அளவுதான் இருக்கும், ஒரு பவுண்டு நாணயத்தைவிடக் கொஞ்சம் கூட. டிசம்பரில் இங்கே இரவு 16 மணி நேரம். பகலில் சேர்த்த கொழுப்பை அந்த இரவுக்குள் எரித்துத்தான் அது விடியும்வரை உயிர் பிழைக்கிறது. அதனால் கடுங்குளிரில் கொழுப்பு உதவும், எந்தக் கொழுப்பு என்பதுதான் கேள்வி. உப்புச் சேராத, கையில் ஒட்டாமல் கட்டியாக நிற்கும் மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, இவைதான் சரி. கடையில் விற்கும் உருண்டைகளும் பெரும்பாலும் இவற்றில் செய்தவைதான். மாட்டுக் கொழுப்பைத் தொடமாட்டோம் என்கிற வீடுகளில்தான் அதற்குப் பதிலாக மரக்கறி எண்ணெய், மார்ஜரின் என்று வைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவை மென்மையாக இருப்பதால் இறகில் பூசிக்கொள்ளும். அந்த வீடுகளுக்கு நல்ல வழி இருக்கிறது: தோல் நீக்கிய சூரியகாந்தி விதை வையுங்கள், அல்லது உப்பில்லாத, பூஞ்சணம் பிடிக்காத கச்சானை (நிலக்கடலையை) கம்பி வலைக் கூண்டில் போட்டுத் தொங்கவிடுங்கள். நாம் கொறிக்கிற உப்புக் கச்சான் வேண்டாம், அவ்வளவு சின்ன உடம்பு அந்த உப்பைத் தாங்காது.

நல்ல கொழுப்பென்றாலும் அள்ளி வைக்கக் கூடாது. இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள கோர்ன்வால் காடுகளில் மூன்று ஆண்டுகள் செய்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. குளிர்காலத்தில் கொழுப்பு உருண்டை கிடைத்த புளூ டிட்களின் குஞ்சுகள், ஒன்றும் கிடைக்காதவற்றின் குஞ்சுகளைவிடச் சிறியவையாக, எடை குறைந்தவையாக இருந்தன, பிழைத்தவையும் குறைவு. இயல்பாகக் குளிரில் இறந்திருக்கக்கூடிய பலவீனமான பறவைகள் தீனியால் பிழைத்து முட்டையிட்டதும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள், வெறும் கொழுப்பு மட்டும் சத்தான உணவாகாது என்பதும் காரணமாக இருக்கலாம். இதை வாசித்த பிறகு நான் உறைபனி நாட்களில் மட்டும், பொழுது சாய்வதற்குள் தின்று முடிக்கிற அளவுக்கே வைக்கிறேன். வெயில் வந்ததும் நிறுத்திவிடுவேன், கொழுப்பு உருகி வழியும், சீக்கிரம் கெட்டும் போகும். உருண்டைகள் நைலோன் வலைப்பையில் வந்தால் பையைக் கழற்றிவிடுங்கள், கால் சிக்கிக்கொள்ளும்.

கடைசியாகச் சுத்தம். கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சைக் குருவி ஒரு காலத்தில் எல்லாத் தோட்டத்திலும் இருந்தது. 2005இல் இங்கே அவற்றில் முதலில் கண்ட ட்ரைக்கோமோனோசிஸ் என்ற தொண்டை நோய் பரவி, எண்ணிக்கை சரிந்து, 2021இல் இந்த நாட்டில் மிகவும் கவலைக்கிடமான பறவைகளைச் சேர்க்கும் சிவப்புப் பட்டியலுக்கே போய்விட்டது. நோய் வந்த குருவி விழுங்க முடியாமல் கக்கிய தீனியையும் அது வாய் வைத்த தண்ணீரையும் அடுத்த குருவி தொடும்போது தொற்றுகிறது. இறகை உப்பிக்கொண்டு, அலகு நனைந்து, கிட்டப் போனாலும் பறக்காமல் ஒரு குருவி உங்கள் பலகையில் உட்கார்ந்திருந்தால் தீனி வைப்பதை உடனே நிறுத்துங்கள், சில வாரங்களுக்காவது. மற்ற நாட்களில் வாரம் ஒரு தடவை கழுவிக் காயவிடுங்கள். கழுவிய பிறகு உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சல்மொனெல்லா என்ற கிருமி நமக்கும் தொற்றும்.

கிறிஸ்மஸ் வருவதற்குள் இந்தக் கடிதத்தைப் போட்டால் நல்லது ஐயா. மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது என்று அந்த அக்கா கேட்டார். ஆறவிட்டு ஒரு பழைய போத்தலில் ஊற்றி, இறுக்கி மூடிக் குப்பையில் போடுங்கள், சிங்கிலும் ஊற்ற வேண்டாம், குழாய் அடைக்கும். அவர் அன்றைக்கே அப்படிச் செய்தார். இப்போது அவருடைய பலகையில் சூரியகாந்தி விதை இருக்கிறது, போன சனிக்கிழமை இரண்டு புளூ டிட்கள் வந்ததாகப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வடமேற்கு லண்டன்