ஆள் கேட்கும் நாடுகளும் ஆள் அனுப்பும் வீடுகளும்

அன்பு நண்பா,

நலம், உன் நலம் அறிய ஆவல். உன் மகள் ஜெர்மனியில் செவிலியர் வேலைக்காக மொழி படிக்கிறாள் என்ற செய்தி எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அடுத்த பத்தியைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. "நாம் சிறுவர்களாக இருந்தபோது ஜனத்தொகை பெருகிவிட்டது, சோறு போதாது என்று பயமுறுத்தினார்கள். இப்போது ஆள் இல்லை என்று சொல்லி, நான் பெற்று வளர்த்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இதில் எதை நம்புவது?" என்று கேட்டிருந்தாய். நான்கு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. பொறுமையாகப் படி.

நாம் பிறந்த அறுபதுகளில்தான் உலக மக்கள்தொகை வளர்ச்சி உச்சத்தில் இருந்தது. ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கும் மேல். அதே வேகத்தில் போனால் 35 ஆண்டுக்குள் இரட்டிப்பாகிவிடும். அன்றைக்குப் பயந்தவர்களுக்குப் பயப்படக் காரணம் இருந்தது. பிறகு ஊருக்கு ஊர் பிறப்பு குறைந்தது. இன்று வளர்ச்சி 1 சதவீதத்துக்கும் கீழே. 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டோம். ஐ.நா. 2024இல் வெளியிட்ட கணிப்பின்படி, 2080களின் நடுவில் சுமார் 1,030 கோடி வரை ஏறி, அதன்பின் மெல்ல இறங்கும்.

ஆனால் மொத்தத் தலைகளை எண்ணிப் பேசுவதில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. அந்தத் தலைகளுக்கு என்ன வயது என்று கேட்டால்தான் ஒரு நாட்டின் நிலைமை புரிகிறது. தென்கொரியாவைப் பார். 1960 வாக்கில் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள். எண்பதுகளின் நடுவில் அது இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது. அதன் பலனாகச் சில பத்தாண்டுகளுக்கு உழைக்கிற வயதினர் ஏராளம். அவர்கள் காப்பாற்ற வேண்டிய பிள்ளைகள் குறைவு. முதியோர் கூட்டமும் இன்னும் பெருகவில்லை. குடும்பங்கள் சேமித்தன, இருக்கிற பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைத்தன, பெண்கள் ஆலை வேலைக்குப் போனார்கள். ஒரு சமுதாயத்துக்கு ஒரே முறை வாய்க்கிற காலம் அது. அதைப் பயன்படுத்தப் பள்ளியும் வேலையும் தயாராக இருக்க வேண்டும். வட ஆப்பிரிக்க நாடான துனிசியாவிலும் இளைஞர்கள் நிறைந்திருந்தார்கள், படித்தும் இருந்தார்கள், வேலைதான் இல்லை. 2011 ஜனவரியில் ஆட்சியே கவிழ்ந்தது.

கொரியாவை வளர்த்த அந்தத் தலைமுறைக்கு இன்று தலை நரைத்துவிட்டது. 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை. மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். ஜெர்மனியின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான். அன்று இரண்டாகப் பிரிந்திருந்த கிழக்கும் மேற்கும் சேர்த்து, 1964இல் மட்டும் 13 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் அங்கே பிறந்தன. அவர்கள் இப்போது ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருந்து கொடுக்கவும் கைபிடித்து நடத்தவும்தான் உன் மகளை அழைக்கிறார்கள்.

அந்த நாடு இப்படி ஆள் கேட்பது இது முதல் முறை இல்லை. உன் மகளும் நீயும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் ஆலைகளுக்கு ஆள் போதவில்லை. 1955இல் இத்தாலியுடனும், 1961இல் துருக்கியுடனும் ஒப்பந்தம் போட்டார்கள். வந்தவர்களுக்கு வைத்த பெயர் 'விருந்தினர் தொழிலாளர்'. துருக்கியரை இரண்டு வருடம் வேலை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டு, புது ஆளை எடுப்பதாகத்தான் ஏற்பாடு. அதை முதலில் எதிர்த்தவர்கள் முதலாளிகள்! பழக்கி எடுத்த ஆளை அனுப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து பழக்க யாருக்குத்தான் மனம் வரும்? 1964இல் அந்த வரம்பு போய்விட்டது. 1973 வரை சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் வந்தார்கள். ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர் திரும்பியும் போனார்கள்.

1973 நவம்பரில், எண்ணெய் நெருக்கடி நேரத்தில், ஆளெடுப்பை நிறுத்தினார்கள். கூட்டம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் போனால் மறுபடி வர முடியாது என்று தெரிந்தவுடன், போக இருந்தவர்களும் தங்கிவிட்டார்கள். மனைவி மக்களை வரவழைத்துக்கொண்டார்கள். வந்து போய்க்கொண்டிருந்தவர்களை நிரந்தரமாக அங்கேயே குடியேற்றியது அந்தக் கதவடைப்புதான். மக்கள் நகர்வை வெறும் ஆள்கணக்காகப் பார்க்கிற எந்த அரசும் இந்த இடத்தில் சறுக்கும் என்பது என் திடமான கருத்து. அதைவிட எனக்கு வருத்தம் தருவது பிள்ளைகளின் கதை. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அந்த மொழியையே பேசிய பிள்ளைகள், 2000இல் சட்டம் மாறும்வரை, பிறப்பால் குடியுரிமை பெற முடியவில்லை. ஒரு தலைமுறை முழுக்கப் பிறந்த மண்ணிலேயே வெளிநாட்டுக்காரர்களாக வளர்ந்தது. அந்த இடைவெளியை அடைக்க அந்த நாடு இன்னும் பாடுபடுகிறது.

வந்தவர்களால் உள்ளூர்க்காரர் கூலி போய்விடுமோ என்ற பேச்சும் எல்லா நாட்டிலும் உண்டு. 1980இல் கியூபாவின் மாரியேல் துறைமுகத்திலிருந்து சில மாதங்களில் சுமார் 1,25,000 பேர் அமெரிக்காவுக்குப் படகேறினார்கள். அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த மயாமி நகரின் உழைப்பாளர் எண்ணிக்கை ஒரேயடியாக 7 சதவீதம் கூடியது. பொருளியலாளர் டேவிட் கார்டு 1990இல் ஆராய்ந்து, உள்ளூர்த் தொழிலாளர் கூலியில் குறிப்பிடத்தக்க சரிவு இல்லை என்றார். இன்னொரு பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னால் அதே நிகழ்வை மறுபடி தோண்டி, பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள் அடிபட்டார்கள் என்றார். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: வருகிறவன் உழைக்க மட்டும் வருவதில்லை, வீடு எடுக்கிறான், சாமான் வாங்குகிறான், கடை போடுகிறான். அதனால் வேலையும் கூடுகிறது. ஆனால் கடைசிப் படியில் நிற்பவனுக்கு அந்த நன்மை வந்து சேர நாளாகும். அவன் கோபத்தை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிடுவது நியாயமில்லை.

இனி உன் பக்கம். 2023இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் ஏழை, நடுத்தர நாடுகளுக்கு அனுப்பிய பணம் 65,000 கோடி டாலருக்கும் அதிகம். அந்த நாடுகளுக்கு வந்த அந்நிய முதலீட்டைவிட அது பெரியது. அதில் எத்தனை வீடு எழும்பியது, எத்தனை தங்கை படித்தாள் என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஆனால் ஒரு செவிலியரை உருவாக்கிய செலவு அனுப்புகிற நாட்டுடையது. அவள் அங்கே யாரோ ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும்போது, இங்கே உன்னையும் உன் மனைவியையும் யார் பார்த்துக்கொள்வது? இதற்கு எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலும் இடம் கிடையாது. உன் மனவருத்தத்தை நான் சுயநலம் என்று நினைக்கவே மாட்டேன். ஆனாலும் அவளைத் தடுக்காதே. போகும் வழியையும் வரும் வழியையும் திறந்து வைத்தால் பிள்ளைகள் வந்து போவார்கள்.

அவள் கையெழுத்துப் போடுமுன் சிலவற்றைக் கேட்கச் சொல். அவளுடைய சான்றிதழுக்கு முழு அங்கீகாரம் கிடைக்கும்வரை எந்தப் பதவி, என்ன சம்பளம்? மொழித் தேர்வில் பெரும்பாலும் பி2 நிலை, அதாவது ஓரளவு சரளமாகப் பேசும் நிலை, கேட்பார்கள். அந்தச் செலவு யாருடையது? பாதியில் வேலையை விட்டால் பணம் திருப்பித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்காவது இருக்கிறதா? 2024 ஜூனில் அங்கே சட்டம் மாறி, ஐந்து வருடம் முறையாக வசித்தால் குடியுரிமை கேட்கலாம் என்று ஆகியிருக்கிறது. அதையும் அவளிடம் சொல்லிவை. ஒப்பந்த நகல் கையில் வந்ததும் எனக்கு ஒன்று அனுப்பு, நானும் வரிக்கு வரி படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்