வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் கேட்டது ஐந்து நிமிடத்தில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை. நீ பாடம் நடத்துகிற தளி பக்கம் சிக்னல் வேறு விட்டு விட்டு வருகிறது. எழுதிவிட்டால் ராத்திரி நிதானமாகப் படித்துக்கொள்வாய் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஒன்றாம் வகுப்புக்கே ஹோம் ஒர்க் கொடுக்கச் சொல்லி அம்மாக்கள் வந்து நிற்கிறார்கள், கொடுக்கட்டுமா என்று கேட்டாய். மூன்றாம் வகுப்புக்கு மேல் எவ்வளவு கொடுக்கலாம் என்றும் கேட்டாய். என் பதில் இதுதான். ஒரு பிள்ளை யார் துணையும் இல்லாமல் தானே செய்து முடிக்கக்கூடியதை மட்டும் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பு. கொடுத்ததை மறுநாள் நீ வரி விடாமல் படி. படிக்க நேரம் இருக்காது என்று தெரிந்தால் அன்றைக்கு எதுவும் கொடுக்காதே.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையே நினைத்துப் பார். பாதி வீடுகளில் கன்னடம், மீதியில் தெலுங்கு. தமிழ் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில்தான். அம்மா ரோஜாத் தோட்டத்துக்குப் போகிறாள், அப்பா ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டு இருட்டியபிறகு வருகிறார். ராகி முற்றும் மாதங்களில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் இறங்கிவிட்டால் பெரியவர்கள் ராத்திரிக் காவலுக்குப் போகிறார்கள் என்று நீயே சொன்னாய். அப்போது தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பது உன் நாலாம் வகுப்புப் பெண். அந்த வீட்டில் ஏழு மணிக்கு 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று தமிழில் இருப்பதை யார் படித்துச் சொல்வார்கள்? பக்கத்து வீட்டில் பத்தாவது படிக்கிற அண்ணன் இருக்கிற பையன் முழுக்க முடித்துக்கொண்டு வருவான். இவள் வெறும் நோட்டோடு வருவாள். அவன் நோட்டில் 'குட்', இவள் நோட்டில் சிவப்பு மை. அங்கே நாம் அளந்தது இரண்டு வீடுகளை. பிள்ளைகளை இல்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1993-ல் மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு, சுமையில்லாத கற்றல் என்று கொடுத்த அறிக்கையில் தொடக்க வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே வேண்டாம், வீட்டையும் சுற்றுப்புறத்தையும் தேடிப் பார்க்கிற வேலை வேண்டுமானால் இருக்கலாம் என்ற கருத்தைச் சொன்னது. 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவு போட்டது. 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வேண்டாம் என்கிறது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கே அதிகபட்சம் இரண்டு மணி நேரம்தான். ஐந்து நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு அரை மணி கூட வராது. உன் தலைமையாசிரியர் கேட்டால் இதையெல்லாம் சொல்லிக்கொள்ள உதவும். ஆனால் உத்தரவு இருக்கிறது என்பதற்காக மட்டும் நீ செய்யாதே. அந்தப் பெண்ணை நினைத்துச் செய்.

எங்கள் பேராவூரணிப் பக்கம் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். நீ அப்போது கல்லூரியில் இருந்தாய். தென்னை எல்லாம் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பாதிப் பிள்ளைகளின் புத்தகம் நோட்டு நனைந்து கூழாகிவிட்டது. அந்த நாட்களில் நான் வீட்டுக்கு எதுவும் கொடுக்கவில்லை. எல்லாமே வகுப்பில் நடந்தது, கடைசி அரை மணி நேரம் வாசிப்பு மட்டும். பொங்கலுக்குப் பிறகு உட்கார வைத்துக் கேட்டேன், என் மூன்றாம் வகுப்பு வாசிப்பில் ஒரு படி கூட இறங்கியிருக்கவில்லை. அதற்கு முன்பும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதற்குப் பிறகு தயக்கமே போய்விட்டது.

சரி, ஒன்று இரண்டாம் வகுப்புக்கு வருகிறேன். எழுத்து வேலை கிடையாது. காலையில் வந்ததும் வட்டமாக உட்கார வைத்துப் பேச விடு. நேற்று சாயங்காலம் என்ன விளையாடினாய், ராத்திரி என்ன சாப்பிட்டாய், வீட்டுக்கு யார் வந்தார்கள். அந்தப் பைக் கொள்கையிலேயே இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். உன் ஊருக்கு இது இரட்டிப்பு அவசியம். ஒரு குழந்தை 'முத்தெ' சாப்பிட்டேன் என்று சொன்னால் சிரிக்கிற பிள்ளைகளை அடக்கு. 'ஓ, களியா, தொட்டுக்க என்ன?' என்று நீ திருப்பிக் கேட்டால் போதும், அது காதில் விழுந்துவிடும். திருத்துகிறேன் என்று முதல் மாதமே வாயை அடைத்துவிடாதே. ழகரம் கன்னடத்திலும் இல்லை, தெலுங்கிலும் இல்லை. அது நாக்குக்கு வர மாதங்கள் ஆகும். வருகிறபோது வரட்டும். வாய் திறந்து பேசுகிற பிள்ளைதான் அப்புறம் எழுதும்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் மூன்று விதமான வேலைதான் கொடுத்தேன்.

முதலாவது வாசிப்பு. வகுப்பில் ஏற்கெனவே ஒருமுறை படித்த பக்கத்தை வீட்டில் யாருக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். தெரியாத பக்கத்தைக் கொடுக்காதே. கேட்கிறவருக்குத் தமிழ் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, பாட்டி கேட்டால் போதும். அரசின் வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னப் புத்தகங்கள் உன் பள்ளியில் இருந்தால் அலமாரியில் பூட்டி வைக்க விடாதே. நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருப்பதால் யாருக்கு எது என்று பார்த்துக் கொடுக்கலாம். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது கணக்கு. நாலு கணக்கு, அதற்கு மேல் வேண்டாம். அதில் முதல் கணக்கைப் பள்ளி விடுவதற்கு முன்பே வகுப்பில் போட வை. யார் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர்களை அன்றைக்கு அந்த வேலையோடு வீட்டுக்கு அனுப்பாதே, வேறு சுலபமானது கொடு. வாய்ப்பாட்டை ஆடு மேய்த்துக்கொண்டே சொல்லலாம், அதற்கு நோட்டே தேவையில்லை.

மூன்றாவது, வெள்ளிக்கிழமை ஒரு கேள்வி. ராகி விதைத்து எத்தனை நாளில் அறுப்பார்கள்? ரோஜா ஒரு கட்டுக்கு எத்தனை பூ? உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வழியில் என்னென்ன மரம்? கன்னடத்தில் கேட்டுக்கொண்டு வரட்டும், திங்கட்கிழமை தமிழில் சொல்லட்டும். எழுத்துத் தெரியாத அம்மா அன்றைக்குப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஆகிறாள். எனக்கு மிகவும் பிடித்தது இந்த வெள்ளிக்கிழமை வேலைதான். அதில் கிடைத்த விவரத்தை வைத்தே கணக்கும் போட வைக்கலாம்.

எல்லோருக்கும் ஒரே வேலையைக் கொடுத்துவிடாதே. எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பார்க்கப் பழகியிருக்கிறோம். வகுப்பில் அரும்பில் இருக்கிற பிள்ளையிடம் சாயங்காலம் மலருக்கான பக்கத்தைக் கொடுத்து அனுப்பினால் பகல் முழுக்கச் செய்தது வீணாகிவிடும். 2007-ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோதும் இதே அடிப்படைதான். பிள்ளை ஏணிப்படியில் தன் இடத்தைப் பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்து வேலை செய்யும். திட்டங்களின் பெயர் மாறும், தான் நிற்கிற படியிலிருந்து அடுத்த படிக்குத்தான் பிள்ளை போகும் என்பது மாறாது.

பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதச் சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். 'அம்மா' என்று இருபது தடவை எழுதச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும் என்று கவனித்திருக்கிறாயா? முதலில் மேலிருந்து கீழே வரிசையாக 'அ' மட்டும் போடும். அப்புறம் 'ம்', அப்புறம் 'மா'. இருபது வரி எழுதி முடித்திருக்கும், ஒரு தடவை கூட அந்தச் சொல்லை எழுதியிருக்காது. இம்போசிஷனும் அப்படித்தான். எழுதுவதைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு எழுத்தை நேசி என்று எப்படிக் கேட்பது? வீட்டுப்பாடம் செய்யாததற்காக நிற்க வைப்பது, வகுப்பின் முன்னால் பெயர் சொல்லித் திட்டுவது, இதெல்லாம் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுத்திருக்கிற காரியம். உடல் தண்டனை மட்டும் இல்லை, மன வேதனை தருவதும் கூடாது என்றுதான் அதில் இருக்கிறது.

இனி, நோட்டைப் பார்ப்பது பற்றி. இங்கேதான் உன் கவனம் முழுக்க வேண்டும். ஒரு டிக்கும் தேதியும் போட்டு நகர்த்தினால் அது பார்த்ததாகாது. ஒரு பையன் 52-லிருந்து 38-ஐக் கழித்து 26 என்று எழுதியிருப்பான். தப்பு என்று போடுவதற்கு முன் அந்த 26 எங்கிருந்து வந்தது என்று பார். எட்டிலிருந்து இரண்டு போனால் ஆறு, ஐந்திலிருந்து மூன்று போனால் இரண்டு. எங்கேயும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான். அவனுக்குக் கழிக்கத் தெரியும், கடன் வாங்குவதுதான் புரியவில்லை. அவனுக்கு இன்னும் பத்துக் கணக்கு கொடுத்தால் பத்தையும் அதே மாதிரி போடுவான். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டை அவன் கையாலேயே அவிழ்க்க வை. இன்னொருத்தி நூற்று இரண்டை 1002 என்று எழுதுவாள். நூறை எழுதி, பக்கத்தில் இரண்டை எழுதியிருக்கிறாள். காதில் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறாள், அவளுக்கு வேண்டியது இடமதிப்பு. இந்த மாதிரி ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் அன்றைக்கு நீ என்ன நடத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். வீட்டுப்பாடம் பிள்ளைக்கு எவ்வளவு உதவுகிறதோ தெரியாது, ஒழுங்காகப் பார்த்தால் ஆசிரியருக்குக் கட்டாயம் உதவும்.

சொந்தமாக இரண்டு வரி எழுதிய பிள்ளைக்கு 'குட்' போடாமல் ஒரு கேள்வி எழுது. 'எங்கள் வீட்டு மாடு கன்று போட்டது' என்றால் கீழே 'கன்றுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?' என்று எழுது. மறுநாள் பதில் வரும், பார்.

இரண்டு பேர் ஐந்து வகுப்பு பார்க்கிற பள்ளியில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பாய். அதனால்தான் தினமும் கொடுக்காதே என்கிறேன். திங்கள் ஐந்தாம் வகுப்பு, செவ்வாய் நாலாம் வகுப்பு என்று மாற்றிக்கொள். குறைவாகக் கொடு, கொடுத்ததை முழுக்கப் பார்.

அம்மாக்களிடம் என்ன சொல்வது? அவர்கள் கேட்பதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதே. டவுனில் நர்சரி பள்ளிக்குப் போகிற பிள்ளை ரெண்டு பக்கம் எழுதுகிறது, என் பிள்ளை சும்மா இருக்கிறதே என்ற கவலை அது. தன் பிள்ளை பின்தங்கிவிடக்கூடாது என்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிறாள், அவளுக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எல்லோரையும் வைத்துச் சொல். தினமும் அனுப்புங்கள், நேரத்துக்குத் தூங்க வையுங்கள், பிள்ளை படித்துக் காட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பாடம் சொல்லித்தருவது என் வேலை, அதற்காக நீங்கள் டியூஷனுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று தெளிவாகச் சொல். அப்புறம் அவர்கள் எதிரிலேயே ஒரு பிள்ளையை வாசிக்க வை. வாயால் சொல்வதைவிட அதை நம்புவார்கள்.

ஐந்தாம் வகுப்பு முடித்து அனுப்பும்போது எதை எதிர்பார்க்க வேண்டும் என்றும் கேட்டாய். இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைப் படித்து, அதில் என்ன இருக்கிறது என்று சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். பார்க்காமல் ஐந்தாறு வாக்கியம் தன்னைப் பற்றி எழுத வேண்டும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நாலும் தெரிந்திருக்க வேண்டும், கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்க வேண்டும், கடிகாரம் பார்க்க வேண்டும். தெரியவில்லை என்றால் கை தூக்கிக் கேட்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை எந்தத் தேர்விலும் மதிப்பிட மாட்டார்கள், ஆனால் ஆறாம் வகுப்பில் நாற்பது பேர் நடுவில் போய் உட்காரும்போது அந்தப் பிள்ளையைக் காப்பாற்றப் போவது அதுதான். இதில் எதையும் ஒருவரிடமும் குறைத்துக்கொள்ளாதே. வீட்டில் வசதி இல்லை, பாவம், இவ்வளவு போதும் என்று இரக்கப்பட்டு விட்டுவிடுவதும் அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். வீட்டில் கேட்பதைக் குறை, வகுப்பில் கேட்பதைக் குறைக்காதே.

அப்பா கம்பளி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். அங்கே குளிர் ஆரம்பிப்பதற்கு முன்னால் பார்சல் போடுகிறேன். காலாண்டு லீவுக்கு வரும்போது ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளில் நாலைந்தை எடுத்து வா. பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு எடுத்து வா. கழித்தலில் எங்கே இடறுகிறார்கள் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா