அங்குசத்துக்கு யானை விலை: கார் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

கார் தயாரிக்கிற கம்பெனிக்காரங்களுக்கும், அவங்க போர்டை மாட்டிக்கிட்டு சர்வீஸ் சென்டர் நடத்துற டீலர்களுக்கும்,

வணக்கம். சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வரேன். ரெண்டு மாசம் முன்னாடி என் கார் சாவியத் தொலைச்சுட்டேன். தப்பு என்னோடதுதான், பாக்கெட்ல ஓட்டை இருக்குன்னு ஒரு வாரமா வீட்டுல சொல்லிட்டே இருந்தாங்க, நான்தான் காதுல வாங்கல. இன்னொரு சாவி வீட்டுல இருந்ததால வண்டி ஓடிட்டுதான் இருந்துச்சு, ஆனா அந்த ஒத்தச் சாவியப் பார்க்கப் பார்க்க வயித்தக் கலக்கும், இதுவும் போச்சுன்னா என்ன பண்றதுன்னு. சரின்னு உங்க டீலர்கிட்ட போய் ஒரு டூப்ளிகேட் வேணும்னு கேட்டேன்.

கவுன்ட்டர்ல இருந்தவர் மரியாதையாத்தான் பேசினார். கம்ப்யூட்டர்ல தட்டினார், ஒரு தொகை சொன்னார், நான் தப்பாக் கேட்டுட்டேன்னு நெனச்சு திரும்பக் கேட்டேன், அதே தொகைதான். சாவி தனி, புரோகிராமிங் தனி, லேபர் தனி, வரி தனி. மூணு வாரம் ஆகும், காசு முழுக்க முன்னாடியே கட்டணும், சாவி வந்ததும் வண்டியக் கொண்டு வந்து ஒரு நாள் விட்டுட்டுப் போகணும். ஏன் இவ்ளோன்னு கேட்டா ஒரே வார்த்தைதான் வந்துச்சு: "செக்யூரிட்டி சார்."

யானைய வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசக்கூடாதுன்னு சொல்வாங்க. நானும் பேசல. ஆனா அங்குசத்துக்கே குட்டி யானை விலை சொன்னா மனுஷன் என்னதான் பண்றது?

அந்த செக்யூரிட்டிங்கிற வார்த்தையப் பத்திதான் இந்த மடல். அது முழுப் பொய்ன்னு சொல்ல வரல, பாதி உண்மை. சாவித் தலையில ஒரு சின்ன சிப் இருக்கு, அதுக்கு பேட்டரியே தேவையில்ல, சாவி போடுற இடத்தச் சுத்தி இருக்கிற கம்பிச் சுருள்ல இருந்து கரன்ட் வாங்கிக்கிட்டு, பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ்ல, வண்டியோட பேசும். வண்டி ஒரு கேள்வி கேக்கும், சிப் சரியான பதில் சொன்னாத்தான் இன்ஜின் ஓடும். இதுக்குப் பேர்தான் இம்மொபிலைசர். ஐரோப்பாவுல 1998-லயே புதுக் கார்ல இது கட்டாயம்னு ஆக்கிட்டாங்க. இது இல்லாட்டி என்ன ஆகும்னு அமெரிக்காவுல 2022 வாக்குல எல்லாரும் பார்த்தாங்க, இம்மொபிலைசர் இல்லாத சில ஹூண்டாய், கியா கார்களை சின்னப் பசங்க ஒரு யுஎஸ்பி கேபிள் முனைய வச்சே திருகி ஓட்டிட்டுப் போனாங்க. அதனால சிப்ப எடுத்துடுங்கன்னு நான் கேக்கவே இல்ல. அந்த சிப்ப வண்டிக்கு அறிமுகப்படுத்திப் பழக்கிற வேலைய உங்க வீட்டு ரகசியம் மாதிரி ஏன் பூட்டி வச்சிருக்கீங்கன்னுதான் கேக்கறேன்.

டீலர்கிட்ட இருந்து வெளிய வந்ததும் வேற வழி தேடினேன், கடைசியில ஒரு சாவிக்காரர்கிட்ட போனேன். அவர் முதல்ல கேட்டது என்ன தெரியுமா, வண்டி பேப்பரும் என் அடையாள அட்டையும். ரெண்டையும் பார்த்து ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு அப்புறம்தான் சாவியக் கையில வாங்கினார். ஒரு சின்ன மெஷின்ல சாவித் தலைய வச்சுப் பார்த்து உள்ள என்ன சிப்புன்னு சொன்னார். நான் சாவிய அப்படியே மெஷின்ல வச்சு காப்பி எடுப்பார்னு நெனச்சேன், எடுக்கல. "இது தேஞ்ச சாவி, இதப் பார்த்து வெட்டினா தேய்மானத்தையும் சேர்த்துதான் வெட்டுவேன், நாலு மாசத்துல பூட்டு மக்கர் பண்ணும்"ன்னுட்டு ஒவ்வொரு பல்லோட ஆழத்தையும் அளந்து, கம்பெனியில இருந்து வந்தப்ப எந்த அளவுல இருந்திருக்கும்னு கண்டுபிடிச்சு அந்த அளவுக்கு புதுசா வெட்டினார்.

அந்தப் புதுச் சாவியப் போட்டுத் திருப்பச் சொன்னார். கதவு திறந்துச்சு, இன்ஜின் ஸ்டார்ட்டும் ஆச்சு, ரெண்டு செகண்ட்ல பொசுக்குனு அணைஞ்சு போச்சு, டேஷ்போர்டுல சாவி படம் போட்ட லைட்டு கண்ண சிமிட்டுது. "பார்த்தீங்களா, பூட்டுக்கு உங்களத் தெரியுது, இன்ஜினுக்குத் தெரியல"ன்னு சிரிச்சார். அப்புறம் ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கிற ஓபிடி போர்ட்ல, அதாவது வண்டியோட கம்ப்யூட்டர்கிட்ட பேசுற சாக்கெட்ல, ஒரு டேப்லட் மாதிரி சாமான சொருகி, கொஞ்ச நேரம் காத்திருந்து, பழைய சாவிய ஒரு தடவ, புதுச் சாவிய ஒரு தடவன்னு போட்டு எடுத்தார். முடிஞ்சது. தொலைஞ்சு போன சாவியோட பேரையும் வண்டி மெமரியில இருந்து அழிச்சுட்டார், இனி அது எவன் கைக்குப் போனாலும் கதவு திறக்கும், இன்ஜின் ஓடாது. மொத்தம் முக்கால் மணி நேரம், நீங்க சொன்ன தொகையில மூணுல ஒரு பங்கு கூட ஆகல. டீலர் கவுன்ட்டர்ல பழைய சாவிய அழிக்கணுமான்னு ஒரு வார்த்த கூட யாரும் கேக்கல, இதுல செக்யூரிட்டியப் பத்தி எனக்குப் பாடம் வேற.

அவர்கிட்ட உக்கார்ந்திருந்தப்பதான் புரிஞ்சுது, "சாவி"ன்னு நீங்க ஒரே பில்லுல போடுறது உண்மையில மூணு தனித்தனி வேலை. இரும்ப வெட்டுறது ஒண்ணு, சிப்ப வண்டிக்குப் பழக்கிறது ஒண்ணு, கதவைத் திறக்கிற ரிமோட் ஒண்ணு. ரிமோட் தனி பேட்டரியில, 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ்ல பேசுற வேற சாமான், அது செத்தாலும் சிப் வேலை செய்யும். பட்டன் வேலை செய்யலன்னு வர்றவங்கள்ல எத்தனையோ பேருக்கு ஒரு சிஆர்2032 பேட்டரியோ, உடைஞ்ச சாவிக் கூட்டை மாத்தி பழைய போர்டையும் சிப்பையும் புதுக் கூட்டுக்குள்ள வைக்கிறதோ போதும். (கூட்டை மாத்துறவங்க சிப்ப மறந்து பழைய கூட்டோட குப்பையில போட்டுடாதீங்க, சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், பெரும்பாலும் கருப்பா ஒரு துண்டு, அதுதான் உயிரே.) எனக்கு ரிமோட் வேணாம், சிப் வச்ச வெறும் சாவி போதும்னு சொன்னா அதுவே செலவுல ஒரு நல்ல பங்கு மிச்சம். இத உங்க ஆள் ஒருத்தர் கூட சொல்ல மாட்டேங்கறாங்களே, ஏன்? உங்க பில்லுல முழு செட்டுதான், எடுத்தா எடு இல்லாட்டி போ.

ரகசியமா வச்சாத்தான் பத்திரம்னு நீங்க சொல்றதும் ஏற்கனவே அடி வாங்கின வாதம்தான். 2005-லயே அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கோடிக்கணக்கான சாவியில இருந்த ஒரு சிப்போட 40 பிட் ரகசியக் குறியீட்ட உடைச்சுக் காட்டிட்டாங்க. மெகாமோஸ்ங்கிற இன்னொரு சிப்புல ஓட்டை இருக்குன்னு பர்மிங்ஹாம், நெதர்லாந்து பல்கலைக்கழக ஆட்கள் கண்டுபிடிச்சு சொன்னப்ப, ஃபோக்ஸ்வாகன் 2013-ல லண்டன் கோர்ட்டுக்குப் போய் அந்தக் கட்டுரைக்குத் தடை வாங்கினாங்க, கடைசியில 2015-லதான் அது வெளிய வந்துச்சு. அந்த ரெண்டு வருஷம் ஓட்டை அப்படியேதான் இருந்துச்சு, வண்டி வச்சிருக்கிறவனுக்கு மட்டும் தெரியல. திருடறவன் எவனும் உங்க டீலர்கிட்ட கவுன்ட்டர்ல வரிசையில நின்னு பில் கட்டிட்டுத் திருடறது இல்ல. ரகசியத்துக்குக் காசு கட்டறது நாங்கதான்.

இதுல கொடுமை என்னன்னா, உங்கள்லயே சிலர் இத ஒழுங்காப் பண்ணிக்கிட்டு இருந்தவங்கதான். 90கள்ல ஃபியட் கார் வாங்கினா ஒரு கோட் கார்டு குடுப்பாங்க, இம்மொபிலைசர் கோடும் (புதுச் சாவியப் பழக்கத் தேவைப்படுற ரகசிய நம்பர்) சாவி வெட்டுற நம்பரும் அதுலயே இருக்கும். ஓப்பல் கார் பாஸ்னு ஒரு கார்டு குடுத்தாங்க, அதே கதைதான். ஃபோர்டுல எத்தனையோ மாடல்ல, பழகின சாவி ரெண்டு கையில இருந்தா மூணாவத ஓனரே வரிசையா சாவி போட்டுத் திருப்பி சேர்த்துக்கலாம், யாருக்கும் ஒரு காசு தர வேணாம். இப்ப அந்தக் கார்டெல்லாம் எங்க போச்சு? கோடு உங்க சர்வர்ல, திறவுகோல் உங்க டூல்ல, நான் காசு போட்டு வாங்கின வண்டியோட நம்பர நானே உங்ககிட்ட வாடகைக்கு எடுக்கணுமா?

யார் வேணா வந்து கோடு வாங்கிட்டுப் போகலாம்னு கதவத் திறந்து போடவும் நான் சொல்லல. அமெரிக்காவுல சாவிக்காரங்களுக்குன்னே ஒரு பதிவேடு இருக்கு, பின்னணி பார்த்துதான் சேர்ப்பாங்க, ஒவ்வொரு தடவ கோடு எடுக்கும்போதும் வண்டி யாரோடதுன்னு சரிபார்க்கணும், யார் எந்த வண்டிக்கு எடுத்தாங்கன்னு பதிவாகும். ஐரோப்பாவுலயும் வெளி மெக்கானிக்குகளுக்கு இதே மாதிரி அனுமதி முறை கொண்டு வந்திருக்காங்க. ஆக வழி இருக்கு, உங்கள்ல பல பேர் அங்கெல்லாம் அதுக்குள்ள இருந்துதான் வியாபாரம் பண்றீங்க. அப்போ அந்தக் கதவு மத்த இடத்துல மட்டும் ஏன் சாத்தியே கிடக்கு?

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. வண்டிய டெலிவரி குடுக்கும்போதே சாவி நம்பரையும் பின் கோடுன்னு சொல்ற அந்த இம்மொபிலைசர் கோடையும் ஓனர் கையில குடுங்க, பத்திரமா வச்சுக்கிறது அவன் பாடு. ரெண்டு சாவி கையில இருக்கிறவன் மூணாவத தானே சேர்த்துக்கிற வசதிய திரும்பக் கொண்டு வாங்க. பேப்பரச் சரிபார்த்து வேலை பண்ற சாவிக்காரர கள்ளச்சாவி போடுறவன் மாதிரி பார்க்கறத நிறுத்துங்க. பில்லுல மூணு வேலையையும் தனித்தனியா போட்டு, எது வேணும்னு கேளுங்க.

ஒரு சாவியும் இல்லாம நிக்கிறவங்க நிலைமை என் நிலைமைய விட ரொம்ப மோசம். சில வண்டியில இம்மொபிலைசர் பெட்டியையே கழட்டி வேலை பார்க்கணும், சிலதுக்கு அந்தப் பெட்டியே புதுசு போடணும், வண்டியத் தூக்கிட்டு வர்ற செலவு வேற. அந்த நேரத்துல அவங்களால நாலு இடம் விசாரிக்க முடியாது, நீங்க சொன்னதுதான் விலை. அதனாலதான் கார் வச்சிருக்கிற எல்லார்கிட்டயும் நான் சொல்லிக்கிட்டு இருக்கேன், ஒரு சாவி உயிரோட இருக்கும்போதே ரெண்டாவது போட்டுடுங்கன்னு. புதுச் சாவி கொத்துல நம்பர் அடிச்ச ஒரு சின்னத் தகடு தொங்கும், அத முதல் நாளே போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு கழட்டி வீட்டுல வைங்கன்னு. என்னோடது எங்க போச்சுன்னு எனக்கே தெரியல.

கடைசியா ஒண்ணு. என் வண்டி பேப்பரும் அடையாள அட்டையும் உங்க டீலர்கிட்ட ஏற்கனவே இருக்கு, சேஸிஸ் நம்பரும் உங்க சிஸ்டத்துல இருக்கு. என் வண்டியோட பின் கோடு என்னன்னு எழுத்துல கேட்டு ஒரு மாசம் ஆச்சு. அத மட்டும் அனுப்புங்க.

இப்படிக்கு,
இப்ப ரெண்டு சாவியையும் ஓட்டை இல்லாத பாக்கெட்ல வச்சிருக்கிற ஒருத்தன்