பழைய அலுமாரியும் அதன் பெறுமதியும்

யாழ்ப்பாணம்

அன்பின் குணம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று அறிந்து நல்ல சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டுவிட்டது, என் முழங்கால் வலிதான் விடவில்லை.

பள்ளிக்கூட நூலகத்துப் பழைய புத்தகங்கள் எவ்வளவு பெறும் என்று கேட்டிருந்தாய். பழைய மாணவர் சங்கக் கூட்டத்திலும் இதே கேள்விதான். ஒருவர் எழும்பி, தோல் மட்டை போட்ட அந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தை விற்றாலே மண்டபத்துக்குக் கூரை போடலாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. உலகம் முழுக்கக் கணக்கில்லாமல் அச்சாகிப் பரவிய சாமான் அது. இன்றைக்குச் சும்மா கொடுத்தாலும் தூக்கிக்கொண்டு போக ஆள் கிடைக்காது.

ஆறுமுக நாவலர் பதிப்பு இருக்கிறது என்று சொல்பவர்களும் அப்படித்தான். நாவலர் அச்சியந்திரம் வாங்கி வந்தது 1849இல், காலமானது 1879இல். அதற்குப் பிறகும் அவருடைய பாலபாடம் திரும்பத் திரும்ப அச்சாகிக்கொண்டேதான் இருந்தது. எத்தனையாம் பதிப்பு என்று முகப்பைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல ஏலாது. அவர் காலத்துப் பிரதி உண்மையாகவே அகப்பட்டால் அது அதிசயம்தான். பிள்ளைகள் படித்த புத்தகம் கிழியாமல் எங்கே மிஞ்சுகிறது?

எங்களிடம் உள்ள நல்ல சரக்கு கண்ணாடி அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கிறது, மச்சான். கோயில் பதிகங்கள், எண்சுவடி, சைவரும் மிஷன்காரரும் மாறி மாறி அச்சடித்துச் சண்டை பிடித்த காலத்துக் கண்டனங்கள். ஆரோ புண்ணியவான் ஐந்தாறு சிறு நூல்களைச் சேர்த்துத் தைத்து ஒரே மட்டை போட்டிருக்கிறார். பதிவேட்டில் முதலாவது நூலின் பெயர் மட்டுந்தான் இருக்கிறது. மற்றவை உள்ளே இருப்பதே ஒருவருக்கும் தெரியாது.

அதில் ஒன்றின் முகப்பில் ‘சுபானு வருஷம் ஆடி மாதம்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. அறுபது வருஷத்துக்கு ஒருக்கால் திரும்பி வரும் பெயர், அதனால் அது 1883ஆகவும் இருக்கலாம், 1943ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயர் கிழிந்துபோன மூலையில் போய்விட்டது. இனித் தாளைத்தான் கேட்க வேண்டும். பழைய தாள் என்றால் நொய்ந்திருக்கும் என்று நினைக்காதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கந்தல் துணியில் செய்த தாள் இன்னும் வளையும். பிறகு வந்த மரக்கூழ்த் தாள்தான் அமிலம் ஏறிப் பழுப்பாகி, திருப்பும்போதே ஒடிகிறது.

இனிப் பெறுமதிக்கு வருகிறேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. 1995 இடப்பெயர்வில் வீடுகளில் விட்டுப்போனவற்றுக்குக் கணக்கே இல்லை. அதனால் எங்கள் ஊரில் எந்தப் புத்தகம் தப்பியது என்பது முழுக்கத் தற்செயல். சந்தையில் பார்த்தால், முகப்புப் பக்கம் உண்டா, எத்தனையாம் பதிப்பு, வேறு பிரதி எங்கே இருக்கிறது என்றுதான் விலை போடுவார்கள். வேறு பிரதியே இல்லாத சிறு நூலுக்கு எதனோடு ஒப்பிட்டு விலை சொல்வது?

ஆனால் ஏதாவது ஒரு பெறுமதி எழுதித்தான் ஆக வேண்டும் என்கிறேன் நான். விற்பதற்காக இல்லை. பதிவேட்டில் இந்தப் புத்தகங்களுக்கு நேரே ரூபா 1.50, 75 சதம் என்று கிடக்கிறது. வருஷ முடிவில் கணக்கெடுக்க வருகிறவர்கள் அந்த விலையையும் கிழிந்த மட்டையையும் பார்த்து ‘பழுதடைந்தது, கழிக்கலாம்’ என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. கறையானை விட எனக்கு அந்தப் பேனாவுக்குத்தான் பயம். ஆகவே அதிபரிடம் கதைத்து, இவற்றுக்குத் தனிப் பதிவேடு திறந்திருக்கிறோம். சேர்த்துத் தைத்தவற்றில் ஒவ்வொரு நூலுக்கும் தனி இலக்கம். இலக்கத்தைப் பென்சிலால் மட்டும் எழுதுகிறோம், முத்திரை குத்துவது இல்லை.

நூலகத்துக்குப் பொறுப்பான ரீச்சர் கெட்டிக்காரி. இராமபாணப் பூச்சி அரித்த புத்தகங்களைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, கன்ரீன் பிறீசரில் இரண்டு கிழமை வைத்தார். வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் பையைத் திறக்க விடவில்லை, ஈரம் கோத்துவிடுமாம். ஐஸ்கிறீமுக்கு இடமில்லை என்று பெடியளுக்குக் கோபம். அலுமாரியையும் சுவரிலிருந்து தள்ளி வைத்தாயிற்று. மார்கழி மழைக்குச் சுவர் ஊறினால் முதலில் பூஞ்சணம் பிடிப்பது பின்வரிசைதான்.

ஸ்கேன் பண்ணி நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணமும் உண்டு. எங்கள் பழைய நூல்களை இணையத்தில் ஏற்றும் வேலையை 2005இலிருந்து செய்கிறவர்கள். கொடுத்தால் பெறுமதி குறைந்துவிடும் என்று சங்கத்தில் சிலர் முனகுகிறார்கள். அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் மட்டும் கூடுமா?

உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். உன் அப்பா எங்கள் பள்ளிக்கூட ஆண்டு மலர்களை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தாரே, அது இப்போது உன்னிடந்தானே? ஐம்பதுகளின் மலர்களில் பாதி எங்களிடம் இல்லை. தபாலில் போடாதே, நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கையோடு கொண்டு வா. கிழிந்திருந்தால் கிழிந்தபடியே இருக்கட்டும், செலோடேப் மட்டும் ஒட்டிவிடாதே.

அன்புடன்,
ராசன்