சனிக்கிழமைப் பின்னேரங்களில் எங்கே போகிறேன்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கடைசியில் அம்மா தன் கையால் எழுதியிருந்த இரண்டு வரியையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஞாயிறு விடியக்காலையில் ஃபோன் எடுத்தால் ஏன் கிடைப்பதில்லை, உடம்புக்கு ஏலாதா என்று கேட்டிருக்கிறா. உடம்பு நல்லாயிருக்கிறது. அப்போது இங்கே கனடாவில் சனிக்கிழமைப் பின்னேரம், விளையாடப் போகிறேன், அதுதான் விஷயம்.

கீழ்வீட்டு மனுசரைப் பற்றி முந்தியும் சொல்லியிருக்கிறேன். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். பனி கொட்டினால் விடிய நாலு மணிக்கே எழும்பி இந்த வரிசையில் உள்ள எல்லா வீட்டு வாசலையும் தள்ளித் துப்புரவாக்கிவிடுவார். நன்றி சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அவருடைய குசினி மேசையில்தான் விளையாட்டு. 1974 இல் அமெரிக்காவில் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது. அட்டையும் இல்லை, காயும் தேவையில்லை. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நுழைந்து 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகமுள்ள தாயக்கட்டை சொல்லும். இவ்வளவு காலமும் அவர்தான் கதை சொன்னார். இப்போது கண் மங்கி சின்ன எழுத்து தெரிவதில்லை, 'இனி நீ சொல்லு' என்று என்னிடம் தந்துவிட்டார்.

அதற்காகத்தான் இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு நகரத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். வாட்டர்டீப் என்று பெயர். எங்கும் இல்லாத கற்பனைத் துறைமுக நகரம். அந்த நகரம் இருக்கிற கற்பனை உலகத்தை உருவாக்கிய எட் கிரீன்வுட் இங்கே கனடாக்காரர்தான், நூலகத்தில் வேலை பார்த்தவர், இந்த விளையாட்டு வருவதற்கு முன்பே சின்ன வயதில் அதை எழுதத் தொடங்கிவிட்டார். 1987 இல் அது விளையாட்டுக்காக வெளிவந்தது, அன்றிலிருந்து எழுதிச் சேர்த்தது மலையாக இருக்கிறது. எல்லாம் நூலகத்தில் இரவல் கிடைக்கிறது, அங்கே சூடும் நன்றாகப் போட்டிருப்பார்கள். கடையில் என் வேலை நேரத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள், அதனால் பகலிலேயே போய் இருந்து வாசிக்க முடிகிறது.

முதலில் வரலாற்றைத்தான் படித்தேன். அவர்கள் கணக்கில் 1032 ஆம் ஆண்டு அகைரன் என்ற மந்திரவாதி போர்வெறி பிடித்த தலைவனை வீழ்த்தி, முகமூடி போட்ட பிரபுக்கள் ஆளும் முறையைக் கொண்டுவந்தான். ஒருவரின் முகம் மட்டும் ஊருக்குத் தெரியும், மற்றவர்கள் யாரென்று தெரியாது. நல்ல கதைதான். ஆனால் மேசையில் இருக்கிறவர்கள் அதைக் கேட்கவே மாட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தபோது விளங்கியது. சாப்பாட்டுக்கு என்ன விலை, காவலனுக்குக் காசு கொடுத்தால் வாங்குவானா, இரவில் எந்தக் கதவு பூட்டியிருக்கும், இதைத்தான் கேட்பார்கள். கற்சிலைமடுவில் வன்னி அரசன் பண்டாரவன்னியன் வெள்ளைக்காரரிடம் தோற்ற இடத்தின் நினைவுக்கல்லைக் காட்டக் கூட்டிக்கொண்டுபோன அன்று அப்பா 1803 ஐயும் வெள்ளைக்காரக் கப்டனையும் ஒரு வரியில் முடித்துவிட்டு, அவனுடைய ஆட்கள் எந்தக் குளத்தில் தண்ணீர் குடித்திருப்பார்கள், காட்டில் என்ன பழம் தின்றிருப்பார்கள் என்று வீடு வரும்வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார் அல்லவா. நமக்கு அதுதானே இன்றைக்கும் நிற்கிறது. நானும் அப்படியே செய்தேன். துறைமுகப் பக்கத்தை முக்கியமாக எடுத்துக்கொண்டு வடிவாகப் படித்தேன். அந்த நகரத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம், மீன் விற்கவும் சங்கம், சாணி அள்ளவும் சங்கம். நகரத்தின் இன்னொரு பக்கத்தில் ஒரு மதுக்கடைக்குள் பெரிய கிணறு, அது நிலத்துக்குக் கீழே இருக்கும் பயங்கரமான சுரங்கங்களுக்குப் போகிறது, இறக்கிவிட ஒரு பொற்காசு, தூக்கிவிட இன்னொன்று. 'டாவோல்' என்று நடுவில் ஓட்டை போட்ட சதுரப் பித்தளைக் காசு இருக்கிறது. மதிலுக்குள்ளே அது இரண்டு பொற்காசு பெறும், வெளியே கொண்டுபோனால் வெறும் பித்தளை. என்னுடைய கணக்காளர் சான்றிதழ் இன்னும் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

போன கிழமை முதல்தடவையாகக் கதை சொன்னேன். உப்பில்லாத பட்டாணி சூப் அவர் வைத்திருந்தார், நான் ரொட்டியும் கட்டைச்சம்பலும் கொண்டுபோனேன், எங்களோடு விளையாடுகிற பிலிப்பைன்ஸ் தாதிப்பிள்ளை சம்பலைத் தனியாகவே சாப்பிட்டு முடித்தது. கதையில் அவர்கள் இறந்தோர் நகரத்துக்குள் போனார்கள். வாட்டர்டீப்பின் மயானம் அது, சுற்றி மதில். பகலில் சனம் சாப்பாடு கட்டிக்கொண்டுபோய்ப் புல்லில் இருக்கும், பிள்ளைகள் ஓடி விளையாடும், இருட்டினால் கதவைப் பூட்டிவிடுவார்கள். அங்கே எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளை கேட்டது. சொல்லத் தொடங்கினேன், புத்தகத்தில் இல்லாத பாலை மரமும் வந்துவிட்டது, நந்திக்கடல் காற்றும் வந்துவிட்டது, எனக்கு மேலே சொல்ல முடியவில்லை அக்கா. பெரியண்ணாவுக்கென்று ஒரு கல் எங்கேயாவது இருந்தால் நாமும் அப்படிச் சோற்றுப் பொதியோடு போய்ப் பக்கத்தில் இருந்திருப்போம், அம்மா ஒவ்வொரு அலுவலகமாகப் படத்தைத் தூக்கிக்கொண்டு திரிய மாட்டா. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மனுசர் எழும்பிப்போய்த் தேத்தண்ணீர் வைத்தார்.

சரி, ஊர் அலுவலுக்கு வருகிறேன். தண்ணிமுறிப்பு வயல் எல்லை விஷயத்தில் சித்தப்பாவோடு சண்டை வேண்டாம். உறுதியின் பிரதியை எடுத்துக்கொண்டு நீங்களும் அத்தானும் பிரதேச செயலகத்துக்குப் போங்கள், அம்மாவைத் தனியாக அனுப்ப வேண்டாம். சின்னவளுக்குப் பேசிவந்த கிளிநொச்சிச் சம்பந்தம் நல்லதென்றுதான் எனக்கும் படுகிறது, ஆனால் படிப்பு முடியட்டும், அவளிடமே ஒருக்கா கேளுங்கள். கிணறு இறைக்கும் மெசினுக்கான காசை இந்த மாதமே என்று சொல்லியிருந்தேன், அடுத்த மாதம் கட்டாயம் போடுவேன், அதுவரைக்கும் கடைக்கார மாமாவிடம் பொறுக்கச் சொல்லுங்கள், அவர் பொறுப்பார். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு என் பெயரிலும் ஒரு நேர்த்தி வையுங்கள்.

இனி ஞாயிறு காலையில் எடுங்கள், உங்களுக்கு அது பின்னேரம், நான் வீட்டில்தான் இருப்பேன். அம்மாவையும் பக்கத்தில் இருத்துங்கள்.

அன்புடன்,
தம்பி